சீட்டில் விழுந்த கோபுரம்

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு மழையைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. தேயிலைக்கு மழை வேண்டும். றப்பருக்கோ, விடியற்காலையில் மரத்துப் பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டு இல்லை. வெட்டினாலும் பால் சிரட்டையிற் சேராது மழைநீரோடு வழிந்துபோகும். ஆகவே பால் வெட்டுவோர் கத்தியைச் சுவரிற் செருகிவிட்டு, லயத்து இஸ்தோப்பிற் குந்தியிருந்து வானத்தைப் பார்ப்பர். ஒருநாள் பார்ப்பர், இரண்டு நாள் பார்ப்பர். மூன்றாம் நாள் வானத்தைப் பார்த்த கண் வீட்டிலுள்ளோர் பக்கம் திரும்பும். ஒரு காம்பராவுக்குள் ஐந்தாறு பேர் அடைபட்டிருக்கும் அவ்வேளையிலேதான் கடைக்கடன் நினைவுக்கு வரும். மைத்துனன் மூன்று வருடத்துக்கு முன் சொன்ன சொல் நினைவுக்கு வரும். பிள்ளையின் படிப்புச் செலவு நினைவுக்கு வரும்.

அத்தகைய ஒரு வைகாசி மாதத்திலே, நாம் கற்பிக்கும் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் புத்தகப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டு கீழே விழுந்தது. பாடவேளையிற் கடுதாசி விளையாட்டா என்று நமக்குக் கோபம் வந்தது. கட்டைப் பறித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் அதற்கடுத்த இரு நாளும் வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை இழுப்பறையைத் திறந்து பார்த்தபோதுதான் அவை சூதாடும் சீட்டுகள் அல்ல, டாரட் சீட்டுகள் என்பது தெரிந்தது. ஒன்றில் வெள்ளைக் குதிரை ஏறிய எலும்புக்கூடு. ஒன்றில் சிங்கத்தின் வாயருகே கைவைத்திருக்கும் ஒரு பெண். இன்னொன்றில் இடி விழுந்து பிளக்கும் கோபுரம். கோபுரச் சீட்டின் ஓரங்கள் மட்டும் மிகவும் தேய்ந்திருந்தன. கொழும்பில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்யும் அவளுடைய அக்காள் அக்கட்டை வாங்கி அனுப்பியிருந்தாள் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

இச்சீட்டுகளைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். நம்மவரிற் பலர் இவை எகிப்தியரின் புராதன மந்திர வித்தை என்று நினைக்கின்றனர். அது தவறு. 15ஆம் நூற்றாண்டிலே வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்குக்காக ஆடிய ஒரு விளையாட்டுக்கென இவை வரையப்பட்டன. மிலான் நகரத்து விஸ்கொந்தி, ஸ்போர்சா என்னும் அரச குடும்பங்களுக்காகப் பொன்முலாமிட்டுத் தீட்டிய சீட்டுகள் இன்றும் நூதனசாலைகளில் உள்ளன. ஏறக்குறைய 300 வருடங்களின் பின்னரே, 1781இல் கூர் த ஜெப்லன் என்னும் பிரெஞ்சுக்காரர் இவை எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். அதற்கு ஆதாரம் ஒன்றும் இருக்கவில்லை. எகிப்திய எழுத்தை அன்று ஐரோப்பாவில் எவரும் வாசிக்க அறிந்திலர். ஆயினும் கட்டுக்கதை நன்றாக விலைபோயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் 78 சீட்டுகள் கொண்ட கட்டு 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவர் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி வரைந்தார். முன்னைய கட்டுகள் பலவற்றில் சிறு சீட்டுகளில் கிண்ணமும் வாளும் எண்ணிக்கைக்கு மட்டுமே வரையப்பட்டிருக்க, இவர் ஒவ்வொன்றிலும் மனிதரை வரைந்தார். ஒரு சீட்டிலே கறுப்புப் போர்வை போர்த்த ஒருவன் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கிண்ணங்களைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கின்றான். அவன் முதுகுக்குப் பின்னே இரண்டு கிண்ணங்கள் நிமிர்ந்தே இருக்கின்றன. இன்னொன்றிலே நள்ளிரவிற் படுக்கையில் எழுந்திருந்து ஒருவர் முகத்தைக் கைகளாற் பொத்துகின்றார். இவற்றைப் பார்ப்பதற்குச் சோதிட ஞானம் வேண்டியதில்லை. உறக்கம் வராத இரவொன்றைக் கழித்தவர் யாவர்க்கும் இது விளங்கும்.

எதிர்காலத்தைச் சீட்டு அறியுமா என்ற கேள்வியை நீட்ட நாம் விரும்பவில்லை. அறியாது. 1948இல் அமெரிக்கப் பேராசிரியர் போரர் என்பவர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணநலன் பற்றிய குறிப்பென்று ஒரு தாளைக் கொடுத்தார். ஐந்து புள்ளிக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டபோது அவர்கள் இட்ட சராசரி 4.26. உண்மையில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு; அதுவும் கடையில் விற்ற சோதிடப் புத்தகமொன்றிலிருந்து எடுத்த வசனங்கள்! நம்மைப் பற்றி யாரேனும் பேசினாற் போதும், மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொள்வோம். ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம்.

அப்படியாயின் இவற்றாற் பிரயோசனமே இல்லையா? இங்கேதான் நமது பழைய இலக்கியம் நமக்குத் துணைக்கு வருகின்றது. சங்க அகப் பாடல்களிலே மகள் மெலிவதைக் கண்ட தாய், வேலனை அழைத்துக் கழங்கு உருட்டிப் பார்க்கிறாள்; கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். வேலன், இது முருகனால் வந்தது என்கிறான். அவன் சொன்னது பிழை. மகளின் நோய் மலைநாட்டுத் தலைவனால் வந்தது. ஆயினும், ஆட்டுக்குட்டியைப் பலியிடப் போகும் அந்த இக்கட்டான வேளையிலேதான் தோழி வாய்திறந்து உண்மையைத் தாய்க்கு உணர்த்துகிறாள். கழங்கு பொய்த்தது, கழங்கு உருட்டிய களத்திலே மெய் வெளிவந்தது. இதை வகுப்பில் அறத்தொடு நிற்றல் என்று பல வருடங்களாகக் கற்பித்து வருகின்றோம். நம் கண்முன்னே அது நிகழ்ந்தபோது சீட்டுக்கட்டைப் பறித்துப் பூட்டினோம்.

தோட்டத்திலே இக்காரியத்துக்கு வழிகள் பல உண்டு. மாரியம்மன் கோயிலிற் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியே பொட்டலங் கட்டி அம்மன் முன்னிட்டு, அறியாக் குழந்தையொன்றை எடுக்கச் சொல்வர். உடுக்கடித்துக் குறிசொல்லும் கோடாங்கி இருக்கிறார். திருவிழாக் காலத்திற் கிளிச் சோதிடரும் வருவார்; அவருடைய கிளி அலகாற் கொத்தி எடுப்பதும் படச்சீட்டே. கோடாங்கியைப் பலமுறை கவனித்திருக்கின்றோம். அவர் குறி சொல்லுமுன்னர், வந்தவர் பாதிக் கதையைத் தாமே சொல்லி அழுதுவிடுகிறார். அழுதபின் அவர் முகத்திற் காணும் தெளிவுக்கு உடுக்கின் ஓசை எவ்வளவு காரணம், அழுகை எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது. மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில், காமன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டத்தைப் பார்த்தவர் அறிவர். தம் வீட்டுச் சாவுக்குக் கண்ணீர் சிந்தாத கல்நெஞ்சரும் அங்கே துண்டால் முகத்தை மூடிக்கொள்வர். ரதிக்காக அழுவதில் எவர்க்கும் வெட்கம் இல்லை.

நிற்க. மாணவி நான்காம் நாள் வந்தாள். கட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தோம். பறித்ததற்கு வருத்தமும் தெரிவித்தோம். ஆசிரியர் அப்படிச் சொன்னது அவளுக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். சற்று நேரம் நின்றாள், பின்பு கோபுரச் சீட்டை எடுத்துக் காட்டி, "இது மூன்று இரவு தொடர்ந்து வந்தது, சேர். எங்கள் வீடு விழப்போகிறது" என்றாள்.

கேகாலை மாவட்டத்தில் இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கையில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளிற் புளத்கொஹுப்பிட்டியிலும் தோட்டக் குடியிருப்பின்மீது மண் சரிந்தது. மலைச்சரிவு எச்சரிக்கை வந்தால் நள்ளிரவிற் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கு ஓடும் பழக்கம் இங்குள்ள பிள்ளைகளுக்கு உண்டு. ஆகவே முதலில், லயத்துக்குப் பின்னே மண் வெடித்திருக்கிறதா, பீலித் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று விசாரித்தோம். இல்லை என்றாள். அதன் பின்னரே கேட்டோம்:

"புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதை விடு, பிள்ளை. இந்தப் படத்தில் உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது?"

நெடுநேரம் பார்த்தாள். "இரண்டு பேர் விழுகிறார்கள், சேர். ஒரே வீட்டிலிருந்துதான் விழுகிறார்கள். ஆனால் ஒருவர் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம். விழும்போதும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை."

அதன்பின் வந்தவற்றையெல்லாம் இங்கே எழுதுதல் முறையன்று. சுருக்கம் இதுதான்: மழை நாட்களிலே தாயும் தகப்பனும் ஓயாது சண்டையிட்டனர். சண்டையின் பொருள் இவள். இவளும் அக்காளைப் போல் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகட்டும் என்பது தகப்பனின் கட்சி. படிக்கட்டும் என்பது தாயின் கட்சி. தான் இல்லாதிருந்தாற் சண்டையும் இராது என்று அவளுக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. வகுப்புக்கு வராத மூன்று நாளும் அவ்வெண்ணத்தோடுதான் இருந்திருக்கிறாள். அச்சொல்லைக் கேட்டபோது நமக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. அன்று அவளைத் தனியே வீட்டுக்கு அனுப்பவில்லை. கல்லூரியில் ஆலோசனைப் பொறுப்பிலுள்ள ஆசிரியை உடன் சென்று தாயிடம் பேசினார்.

அந்நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டிலே தற்கொலை செய்துகொண்டோர் தொகை இலட்சம் பேருக்கு 47 என்ற கணக்கில் இருந்தது. உலகில் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பின்பு கொடிய பூச்சிநாசினிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 2008 முதல் 2011 வரையிலான காலத்திற் பராக்குவாட் முதலியனவும் படிப்படியாக நீக்கப்பட்டன. பத்தாண்டுக்குள் விகிதம் பாதியாகக் குறைந்தது. மக்களின் துன்பம் பாதியாகிவிட்டதென்று இதற்குப் பொருள் இல்லை. துயரத்தின் உச்சநிலை பெரும்பாலும் நெடுநேரம் நிற்பதில்லை. அந்நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாவிட்டால் மனிதர் பிழைத்துக்கொள்கின்றனர் என்பதே ஆராய்ந்தோர் கண்டது. கோபமும் அவ்வாறே. அதன் உச்சியைக் கடப்பதற்குச் சிறிது நேரம் தேவை. அந்நேரத்திற் கைக்கும் கண்ணுக்கும் வேறொரு வேலை தேவை.

உணர்ச்சிக்குப் பெயரிடுதல் அத்தகைய வேலைகளில் ஒன்று. 2007இற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லீபர்மன் குழுவினர், கோபமும் அச்சமும் காட்டும் முகங்களின் படங்களை மக்களுக்குக் காட்டி, மூளையின் இயக்கத்தைக் கருவிகொண்டு பார்த்தனர். முகத்தில் உள்ள உணர்ச்சி இன்னதென்று சொல்லாற் குறித்தபோது, அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதியின் கொதிப்பு அடங்கியது. நெற்றிப் புறத்தில் உள்ள பகுதியொன்று வேலைசெய்யத் தொடங்கியது. நமக்கு இச்செய்தி முற்றும் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உணர்ச்சிகளை எட்டாக வகுத்ததோடு நில்லாது, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு காரணங் காட்டினார். அழுகை, பிறர் இழிவுபடுத்தலால் வருவதா, இழப்பினால் வருவதா, தளர்ச்சியால் வருவதா, வறுமையால் வருவதா என்று கேட்கிறார். வெகுளி எழுவது நம் உடலுக்குத் தீங்கு செய்ததனாலா, குடும்பத்துக்குக் கேடு சூழ்ந்ததனாலா, வைதும் அடித்தும் அலைத்ததனாலா, கொல்ல முற்பட்டதனாலா என்று பிரிக்கிறார். பரீட்சைக்காக இதை மனனம் செய்த மாணவரிற் பலர் தம் கோபத்தின்மீது இதைப் பிரயோகித்துப் பார்த்ததில்லை. அக்குறை கற்பித்த நம்மையே சாரும்.

படங்களைக் காட்டி மனத்தைப் பேசவைக்கும் முறை வைத்தியருக்கும் உண்டு. சுவிட்சர்லாந்து தேசத்து ரோர்ஷாக் 1921இல் மைக்கறைப் படங்கள் பத்தை வெளியிட்டார். 1930களில் அமெரிக்காவிலே ஹென்றி மரே, கிறிஸ்தியானா மோர்கன் என்போர் மனிதர் தோன்றும் படங்களைக் கொடுத்துக் கதை சொல்லச் செய்தனர். அவற்றாற் குணத்தை அளந்துவிட முடியுமா என்பதில் அறிஞர்க்குள் இன்றும் சச்சரவு உண்டு. ஆனால் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் சிறிது நேரத்தில் தம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார் என்பதைச் சின்னப் பிள்ளைகளின் சித்திரப் பாடத்திலேயே பார்க்கலாம்.

வீட்டிற் செய்து பார்க்க விரும்பும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. விலைகொடுத்து டாரட் கட்டு வாங்க வேண்டியதில்லை. பழைய நாட்காட்டிப் படங்கள், வாழ்த்து மடல்கள், சஞ்சிகைப் படங்கள் ஆகியவற்றில் இருபது முப்பதை ஓரளவாக வெட்டி அட்டையில் ஒட்டினாற் போதும். தெய்வப் படங்களை விலக்குவது நன்று. அவற்றின்முன் பிள்ளைகள் உண்மை பேசமாட்டார்கள், நல்லதையே பேசுவார்கள். புயல், ஆறு, பூட்டிய கதவு, தனிமரம், சந்தைக் கூட்டம், நாயைத் தடவும் கிழவர் என்று படங்கள் பலவிதமாய் இருக்கட்டும். கோபம் உச்சத்தில் நிற்கும்போது இவற்றைத் தொடுதல் ஆகாது. முதலிற் பீலிக்கரைக்குப் போய் முகங் கழுவிக்கொண்டு வரவேண்டும். மழையாயிருந்தாலும் போய்வரலாம், நனைந்தாற் குற்றமில்லை. பின்பு ஒரு சீட்டை எடுத்துப் படத்தில் இருப்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதில் உள்ளவர்களில் நாம் யார், யார்மேல் இந்த வெப்பம், எதை இழந்துவிடுவோமென்ற பயம் என்று மெல்லக் கேட்டுக்கொள்ளலாம். கோபத்தைப் பிரித்துப் பார்த்தால் அடியில் அநேகமாகப் பயமோ வெட்கமோ இருக்கும் என்பது நமது அனுபவம்.

எது நடக்கும் என்று மட்டும் கேட்கலாகாது. விரும்பிய சீட்டு வரும்வரை மீண்டும் மீண்டும் எடுப்பதும் ஆகாது. அம்மாணவிக்கு மூன்று இரவும் கோபுரம் வந்ததன் இரகசியம் அதுவேயாம். ஓரிரவில் இருபது தடவை எடுத்திருக்கிறாள், பயந்த சீட்டை மட்டும் எண்ணியிருக்கிறாள். பிறருக்குச் சீட்டுப் பார்த்துப் பலன் சொல்வதும், அதற்குக் காசு வாங்குவதும் வேறு வியாபாரம். இப்பொழுது கைத்தொலைபேசியிலும் அவ்வியாபாரம் நடக்கிறது. பரிகாரத்துக்கென்று பணம் கேட்கும் இடத்திற் பேச்சை நிறுத்திவிடவேண்டும். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் அற்றுப்போனவர்க்கும், வாழ்வை வெறுத்துப் பேசுபவர்க்கும் அட்டைப் படம் மருந்தாகாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசலாம். 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பினர், வந்தவர் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்பதையே தொண்டாகச் செய்கின்றனர். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இதற்கு வைத்தியர் உள்ளனர். போவதில் அவமானம் ஒன்றுமில்லை என்று நூறுமுறை சொன்னாலும், லயத்தில் அக்கம்பக்கத்தார் பேசுவார்களே என்ற தயக்கம் இருப்பதை நாம் அறிவோம். காய்ச்சலுக்கு என்று சொல்லிக்கொண்டு போனாலும் போகட்டும், போனாற் சரி.

இரண்டு கிழமையின் பின்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாணவியின் வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். அன்றும் மழை. தகப்பனார் நாற்காலியை நமக்குத் தந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். தாயார் வெறுந்தேநீரும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். தொழிற்சாலைப் பேச்சை எவரும் எடுக்கவில்லை. பரீட்சை எப்பொழுது என்று தகப்பனார் கேட்டார், சொன்னோம். அதுவரைக்கும் எவ்வளவு செலவாகும் என்று கேட்டார், அதையும் சொன்னோம். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். முகம் இருண்டது. இன்னும் ஒரு சொல் விழுந்தால் மறுபடியும் மூளும்போல் இருந்தது.

மகள் எழுந்து உள்ளே போய்க் கட்டை எடுத்துவந்து அவர்முன் வைத்தாள். "ஒன்று எடுங்க, அப்பா" என்றாள். இது எந்தச் சாமி சமாசாரம் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஒன்றை எடுத்தார். சிங்கமும் பெண்ணும் உள்ள சீட்டு. பால் படிந்து கறுத்த விரல்களுக்கிடையே அதைப் பிடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டவைத்துப் பார்த்தார்.

"ஏன் சேர், இந்தப் பொம்பளப்புள்ள சிங்கத்துட வாயத் தெறக்குதா, மூடுதா?"

நாம் வாங்கிப் பார்த்தோம். மகள் பார்த்தாள். தாயாரும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "மூடுதுதான்" என்றார். "இல்ல, தெறக்குது" என்றார் தகப்பனார். அதைக்கொண்டு இருவரும் நெடுநேரம் வாதாடினர். அவ்வீட்டிலே சிரிப்போடு நடந்த வாதம் அதுவென்று மகள் பிற்பாடு நமக்குச் சொன்னாள். மழை சற்று விட்டது. நாளைக்குப் பால் வெட்டு இருக்குமா என்று பார்த்துவர, அவர் சீட்டை நாற்காலியின்மேல் வைத்துவிட்டு மலைப்பக்கமாக நடந்தார்.